ரோபோ அம்மாவைப் பார்த்துக்கொள்ளுமா? ஜப்பான் முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அம்மாவுக்கு 79 வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். நானும் தம்பியும் வெளிநாட்டில். ஜப்பானில் வயதானவர்களை ரோபோக்களே தூக்கி உட்கார வைத்து, பேசி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்கின்றன என்று வீடியோவில் பார்த்தேன். உண்மையா? இன்னும் ஐந்தாறு வருடத்தில் அப்படி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் ஆள் தேட வேண்டியதில்லையா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன், அப்படி ஒரு ரோபோ ஜப்பானில் இல்லை. அது வரும் என்று நம்பி அம்மா விஷயத்தில் எந்த முடிவையும் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக எல்லாமே வெறும் விளம்பரம் என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் நான் தினமும் கையாளும் கருவிகளில் ஒன்றிரண்டு இல்லாமல் போனால் இரவு வேலைக்குப் போகவே எனக்குப் பயமாக இருக்கும். எது உதவுகிறது, எது மூலையில் கிடக்கிறது, ஏன் என்று விரிவாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரில் நர்சிங் டிப்ளமோ படித்தவள். நான்கு வருடமாக ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்த வேலையை இங்கே 'கைகோ' என்பார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஓர் ஒப்பந்தம் போட்டன, 14 துறைகளுக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பதற்கு. அதில் முதியோர் பராமரிப்பும் ஒன்று, அந்த வழியில் வந்தவள்தான் நானும். ரோபோக்களே பார்த்துக்கொள்கிற நாடாக இருந்தால் மொழி கற்றுக்கொடுத்து, பரீட்சை வைத்து, விசா கொடுத்து நம் ஊர்ப் பெண்களை இவ்வளவு தூரம் வரவழைத்திருக்கவே மாட்டார்கள். இங்கே மக்கள்தொகையில் சுமார் 29% பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2000 ஏப்ரலிலிருந்து முதியோர் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது, 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள், அதனால் பணம் ஓரளவு இருக்கிறது, கைகள்தான் இல்லை. 2040-இல் 27 லட்சத்து 20 ஆயிரம் பராமரிப்பு ஊழியர்கள் வேண்டும், 2022-இல் இருந்ததைவிட அது 5 லட்சத்து 70 ஆயிரம் அதிகம் என்று சுகாதார அமைச்சகமே 2024-இல் கணக்குச் சொன்னது. ரோபோ பற்றிய இவ்வளவு பேச்சும் அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்ற கவலையில் பிறந்ததுதான்.

முதலில் 'ரோபோ' என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதில்தான். வீடியோவில் முகம், கண், கை எல்லாம் இருக்கும். இங்கே அரசாங்கம் மானியம் கொடுக்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அப்படி எதுவும் பெரிதாகக் கண்ணில் படாது. ஆளை இடம் மாற்ற உதவுவது, நடக்க உதவுவது, கழிவறை, குளியல், கண்காணிப்பு, பேச்சுத்துணை, பதிவேடு எழுதும் மென்பொருள் என்றெல்லாம் போகும். 2024-இல் அந்தப் பட்டியலைத் திருத்தி 9 பிரிவு, 16 வகை என்று ஆக்கினார்கள், பயிற்சிக்கு உதவுவது, சாப்பாடு ஊட்டச்சத்துக் கணக்கு, மறதி நோய்க்கான உதவி ஆகியவற்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஆக, மெத்தைக்கு அடியில் கிடக்கும் ஒரு தட்டையான பலகையும் இந்தக் கணக்கில் ரோபோதான்.

அந்தப் பலகையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நான்கு வருடத்தில் என் வேலையை உண்மையில் மாற்றியது அது ஒன்றுதான்.

எங்கள் இல்லத்தில் பத்துப் பத்துப் பேராக ஒரு யூனிட். இரவில் இரண்டு யூனிட்டுக்கு ஓர் ஆள், அதாவது இருபது பேருக்கு நான் ஒருத்தி. மாலை நாலரைக்குப் போனால் மறுநாள் காலை ஒன்பதரைக்குத்தான் வெளியே வருவேன். நான் சேர்ந்த புதிதில் விழுந்துவிடக்கூடியவர்களின் கட்டிலருகே தரையில் ஒரு பாய் சென்சார் போட்டிருப்பார்கள். கால் பட்டதும் மணி அடிக்கும். நான் அப்போது ஐந்து அறை தள்ளி ஒருவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருப்பேன், அவரை அப்படியே பாதியில் விட முடியாது, போர்த்திவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு ஓடுவதற்குள் அங்கே ஒரு பாட்டி தரையில் கிடப்பார். மணி சரியாகத்தான் அடித்தது. அடித்த நேரத்தில் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

அப்புறம் மெத்தைக்கு அடியில் வைக்கும் வகை வந்தது. பாரமவுண்ட் பெட் என்ற கட்டில் கம்பெனி தயாரிப்பது பரவலாக இருக்கிறது, வேறு கம்பெனிகளும் செய்கின்றன. உடம்பில் எதுவும் ஒட்டுவதில்லை. மூச்சு, இதயத்துடிப்பு, புரளுவது இவற்றின் மெல்லிய அதிர்வை மெத்தை வழியாகவே பிடித்து, ஆள் தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா, எழுந்து உட்கார்ந்துவிட்டாரா, கட்டிலில் இல்லையா என்று என் கையிலுள்ள போனில் காட்டிவிடும். உட்காரும்போதே தெரிவதால் எனக்கு அரை நிமிடம் கிடைக்கிறது. அந்த அரை நிமிடம்தான் இடுப்பு எலும்பு முறிவுக்கும் ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கும் நடுவே இருக்கிற தூரம்.

91 வயதுத் தாத்தா ஒருவர். மாதத்துக்கு இரண்டு தடவையாவது இரவில் விழுவார், உதவிக்குக் கூப்பிடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கூப்பிடமாட்டார், பெண்ணைக் கூப்பிட்டுக் கழிவறைக்குப் போவது அவருக்குக் கூச்சம். இரண்டு வாரப் பதிவை வரிசையாக வைத்துப் பார்த்தபோது தினமும் இரண்டு மணிவாக்கில் விழிக்கிறார் என்று தெரிந்தது. அதன்பின் ஒன்றே முக்காலுக்கு நான் தற்செயலாகப் போவதுபோல அறைக்குள் போய் மெதுவாகக் கூப்பிடுவேன், எழுந்து வருவார். விழுவது நின்றுவிட்டது. இதில் சென்சார் செய்தது நேரத்தைச் சொன்னது மட்டும்தான், ஆனால் அந்த நேரம் தெரியாமல் நாங்கள் ஒரு வருடம் தவித்திருக்கிறோம்.

இன்னொரு நன்மை வெளியே யாரும் பேசுவதில்லை. முன்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து, மூச்சு வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். பாதிப் பேர் அதிலேயே விழித்துவிடுவார்கள், மறுநாள் முழுக்கச் சோர்வு, சாப்பிடமாட்டார்கள். இப்போது தூங்குகிறவரைத் தூங்க விடலாம்.

ஆனால் இதிலும் ஒரு கவலை இருக்கிறது. இரவில் விதிக்கு மேல் கூடுதலாக ஓர் ஆளை வைத்தால் இல்லத்துக்குக் காப்பீட்டிலிருந்து கூடுதல் தொகை உண்டு. 2018-இல் சென்சார் வைத்திருந்தால் முழு ஆளுக்குப் பதில் 0.9 ஆள் போதும் என்றார்கள். 2021-இல் எங்களுடையதைப் போன்ற யூனிட் வகை இல்லங்களில் எல்லோர் படுக்கையிலும் சென்சார் இருந்தால், வேறு சில நிபந்தனைகளோடு, 0.6 என்றார்கள். காகிதத்தில் இது சின்னப் புள்ளிக் கணக்கு. நடு இரவில் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இரண்டு பேர் எழுந்து உட்காரும்போது போனில் இரண்டு அறையும் ஒன்றாகத் தெரியும், ஓடுவதற்கு நான் ஒருத்திதான். கண்களைக் கூட்டிவிட்டோம் என்று கால்களைக் குறைப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து, கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

இதே வகையில் இன்னொன்று, அடிவயிற்றில் பொருத்தும் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி. டி-ஃப்ரீ என்று பெயர். சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, போக வேண்டிய நேரத்தை முன்கூட்டிச் சொல்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து இந்த வகைக் கருவியை வாங்கப் பராமரிப்புக் காப்பீடு உதவுகிறது. எல்லோருக்கும் பொருந்தாது, மெலிந்த உடம்பில் இடம் நகர்ந்துவிடும். பொருந்துகிறவர்களுக்கு டயப்பரிலிருந்து மறுபடி கழிவறைக்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கிறது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

சரி, தூக்குவதற்கு வருவோம். நீங்கள் பார்த்த வீடியோ வெள்ளைக் கரடி முகத்தோடு ஒரு ரோபோ ஒருவரைக் கைகளில் ஏந்தித் தூக்கும் காட்சியாகத்தான் இருக்கும், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். அதன் பெயர் ரோபேர். ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனமும் சுமிதோமோ ரிக்கோ கம்பெனியும் சேர்ந்து செய்து 2015 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதற்கு முன் ரீபா, ரீபா-2 என்று இரண்டு அண்ணன்கள் உண்டு. ரோபேரின் எடை 140 கிலோ. ஆராய்ச்சி மாதிரியாகவே நின்றுவிட்டது, விற்பனைக்கு வரவில்லை. அந்தப் படங்கள் மட்டும் பத்து வருடமாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஏன் வரவில்லை என்பதை எங்கள் வேலையிலிருந்து பார்த்தால் எளிதாகப் புரியும். கார் தொழிற்சாலை ரோபோவுக்குக் கதவு எப்போதும் ஒரே அளவில், ஒரே இடத்தில், அசையாமல் வரும், சுற்றிலும் வேலி போட்டு மனிதர்களை உள்ளே விடமாட்டார்கள். எனக்கு வருவது 48 கிலோ பாட்டி. ஒரு நாள் ஒத்துழைப்பார், மறுநாள் பயத்தில் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொள்வார். பக்கவாதம் வந்த கை ஒரு பக்கம் தொங்கும். முழங்கால் நீட்ட வராது. தோல் வெங்காயச் சருகு மாதிரி, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கிழிந்து ரத்தம் வரும். அவர் உடம்பு விறைப்பதை என் உள்ளங்கை உணர்ந்து, உடனே நிறுத்தி, "என்ன பாட்டி, வலிக்குதா" என்று கேட்டு, இன்னொரு விதமாகப் பிடிக்கிறேன். இது எல்லாம் நான்கு நொடியில் நடக்கிறது. இதே அளவு வலுவும் இதே அளவு மென்மையும் ஒரே இயந்திரத்தில் இருக்க வேண்டும், கவிழாமல் இருக்க அது கனமாக இருக்க வேண்டும், கனமாக இருந்தால் அது மனிதர் மேல் சாய்ந்துவிடாமல் இருக்க இன்னும் பாதுகாப்பு வேண்டும். இப்போது வசேதா பல்கலைக்கழகத்தில் ஐரெக் என்று ஒன்றை உருவாக்குகிறார்கள், 2025-இல் ஒருவரை மெதுவாகப் பக்கவாட்டில் புரட்டிக் காட்டியது. அதுவும் 150 கிலோ. 2030 வாக்கில் வந்தால்கூட விலை குறைந்தது ஒரு கோடி யென் இருக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. நல்ல ஆராய்ச்சி, நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் எண்பதுகளுக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது.

தூக்கும் பிரச்சினை எங்களுக்கு எவ்வளவு பெரியது என்றால், 2013-இல் ஜப்பான் அரசின் முதுகுவலித் தடுப்பு வழிகாட்டியில் ஆளை மனித பலத்தால் தூக்குவதைக் கூடிய வரை தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். தூக்கும் எடைக்கும் அளவு உண்டு, ஆணுக்கு உடல் எடையில் 40%, பெண்ணுக்கு அதில் 60%, அதாவது 24%. என் எடை 54 கிலோ, நான் தூக்கலாம் என்பது 13 கிலோ. 48 கிலோ பாட்டி எங்கே, 13 கிலோ எங்கே. முப்பது வயதிலேயே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்கு வரும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள்.

இதற்காக வந்த உடைகள் உண்டு. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் வழியில் வந்த மசில் சூட் அதில் பிரபலம், மின்சாரமே வேண்டாம், கைப்பம்பால் காற்றடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர்த் தசை இறுகி நிமிரும்போது இடுப்பைத் தாங்கும், 3.8 கிலோ எடை. வெறும் குனிந்து நிமிரும் வேலைக்கு அருமை. எங்கள் வேலை ஒரே இடத்தில் குனிந்து நிமிர்வது இல்லையே, ஓட வேண்டும், மண்டியிட வேண்டும், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைய வேண்டும், தூக்கும்போது அந்தப் பட்டை பாட்டியின் கையில் உரசும், கோடையில் வியர்த்துக் கொட்டும். மாட்டிக் கழற்றுவதிலேயே அலுத்துப்போய் இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டோம். ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஹால் வேறு வகை, தசைக்கு மூளை அனுப்பும் மின் சமிக்ஞையைத் தோலிலிருந்தே படித்து அதற்கேற்ப மோட்டாரை இயக்கும். நரம்பு, தசை நோயாளிகளுக்கு நடைப்பயிற்சி தர ஜப்பான் மருத்துவக் காப்பீட்டில் 2016-இல் அதைச் சேர்த்தார்கள். அது மருத்துவமனையில் பயிற்சியாளர் கூட இருக்கும்போது பயன்படுவது, வீட்டு வேலைக்கு இல்லை.

எங்கள் இல்லத்திலும் மானியத்தில் ஓர் இடமாற்றும் இயந்திரம் வாங்கினார்கள். மார்பைச் சாய்த்துக்கொண்டால் ஆளைத் தழுவினாற்போல் எழுப்பி நிறுத்தும் வகை. இயந்திரத்தில் குறை இல்லை. ஆனால் அது இருக்கும் அறைக்குப் போய்த் தள்ளிக்கொண்டு வந்து, சரியாக நிறுத்தி, ஆளைச் சாய்த்து, எழுப்பி, முடிக்க ஏழெட்டு நிமிடம். இருவராகச் சேர்ந்தால் இரண்டு நிமிடம். காலையில் இருபது பேரையும் எழுப்பிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர வேண்டிய அவசரத்தில் கை எதை எடுக்கும் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. வாங்கும் முன் எங்களில் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பின்னால் ஒரு சீனியர் அக்கா அதை ஒரு கழிவறைக்குள்ளேயே நிரந்தரமாக வைக்கலாம் என்றார். கழிவறையில் நிற்க வைத்துக் கால்சட்டையை இறக்கும் அந்த ஒரு வேலைக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. இப்போது தினமும் ஓடுகிறது.

எங்கள் இல்லத்தில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானில் ஓர் இல்லத்தில் ரோபோக்களைக் கொண்டுவந்த காலம் முழுக்கக் கூடவே இருந்து கவனித்து எழுதியிருக்கிறார், அங்கேயும் தூக்கும் இயந்திரத்தைச் சில நாளிலேயே ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த, மனித உருவில் இருக்கும் பெப்பர் என்ற ரோபோவின் பக்கத்தில் ஓர் ஊழியர் நின்று அதே அசைவுகளைச் செய்துகாட்டினால்தான் பெரியவர்கள் செய்தார்கள். ரோபோவைத் துடைக்க, சார்ஜ் போட, நகர்த்த என்று புதிய வேலைகள் சேர்ந்தன. 2019-இல் 9,000-க்கும் மேற்பட்ட பராமரிப்பு இடங்களில் எடுத்த கணக்கில் ஏதாவது ஒரு ரோபோவைச் சேர்த்தவை பத்தில் ஒரு பங்குதான். பெப்பரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, 2014-இல் பெரிய வரவேற்போடு அறிமுகமாகி 2020-இல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

உண்மையில் எங்கள் முதுகைக் காப்பாற்றுவது எது தெரியுமா? வழுக்கும் துணி. ஸ்லைடு ஷீட் என்பார்கள், மோட்டார் கிடையாது, மடித்துப் பையில் வைக்கலாம். படுத்திருப்பவருக்கு அடியில் விரித்தால் என்னைவிட எடை கூடியவரையும் ஒருத்தியாகத் தலைப்பக்கம் நகர்த்திவிடுவேன். அப்புறம், பானாசோனிக்கின் ரிஷோன் என்ற கட்டில், பாதிக் கட்டில் அப்படியே பிரிந்து சக்கர நாற்காலியாகிவிடும். அதாவது ஆளைத் தூக்கவே வேண்டாம். பராமரிப்பு ரோபோக்களுக்கென்று 2014-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13482 பாதுகாப்புச் சான்றை உலகிலேயே முதலில் வாங்கியது அதுதான். தூக்கும் ரோபோவைச் செய்யாமல் தூக்கும் தேவையையே எடுத்துவிட்டார்கள், அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி மனசுக்கான ரோபோக்கள். இங்கேதான் எனக்கே கருத்து மாறியது.

பாரோ என்று ஒரு கடல்நாய்க் குட்டி. தகனோரி ஷிபாதா என்ற ஆராய்ச்சியாளர் 1993-இலிருந்து உருவாக்கியது. வெள்ளை ரோமம், கைக்குழந்தை எடை, சுமார் 2.7 கிலோ. தடவினால் கண் மூடும், பெயர் சொன்னால் தலை தூக்கும், குரல் உண்மையான கடல்நாய்க் குட்டிகளிடம் பதிவு செய்தது. நாயோ பூனையோ செய்யாமல் ஏன் கடல்நாய் என்றால், நாய் பூனையை எல்லோருக்கும் நன்றாகத் தெரியும், உடனே ஒப்பிட்டுப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிடுவார்கள். கடல்நாயோடு பழகியவர்கள் யாரும் இல்லை. 2009-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை மருத்துவக் கருவி வகையில் வைத்தது. விலை சுமார் 6,000 டாலர்.

நான் முதலில் பார்த்தபோது கோபம்தான் வந்தது. வாழ்ந்து முடித்த மனிதர்களுக்குப் பொம்மையா என்று. அப்புறம் ஒரு பாட்டியைப் பார்த்தேன், மறதி நோய், மாலை நாலு மணி ஆனால் கலங்க ஆரம்பித்துவிடுவார், "வீட்டுக்குப் போகணும், குழந்தை பசியோட இருக்கும்" என்று கதவைப் போய்த் தட்டுவார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார். பாரோவை மடியில் வைத்தோம். பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "இது சாப்பிட்டுச்சா?" என்றார். அந்த மாலை கதவுப் பக்கம் போகவில்லை. அதைவிட முக்கியம், பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னொரு பாட்டி, வருடக்கணக்கில் அவரோடு ஒரு வார்த்தை பேசாதவர், எட்டிக் கையை நீட்டித் தடவிவிட்டு, தன் ஊரில் ஆடு வளர்த்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மனிதர்கள் பேசுவதற்கு நடுவில் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

இது எல்லோருக்கும் நடக்காது. எங்கள் இல்லத்திலேயே ஒரு தாத்தா "என்னைக் குழந்தை என்று நினைத்தாயா" என்று தள்ளிவிட்டார், அவருக்கு அது அவமானம், அவர் சொன்னது நியாயம். சிலர் அதிகமாக ஒட்டிக்கொண்டு, குட்டி இல்லாமல் சாப்பிடமாட்டேன் என்பார்கள். ஆராய்ச்சி முடிவுகளும் கலந்துதான் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 28 இல்லங்களில் 415 பேரை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது, 2017-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இயங்கும் பாரோ, ஒரு பகுதியினருக்கு இயக்கத்தை நிறுத்திய அதே பாரோ, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. இயங்கும் குட்டியோடு அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள், வழக்கமான கவனிப்பைவிட மகிழ்ச்சியும் கூடியது. வீடியோவில் பதற்றம் குறைந்தது தெரிந்தது, ஆனால் பதற்றத்தை அளக்கும் வழக்கமான கேள்வித்தாளில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. மடியில் குட்டி இருக்கும் அந்தக் கால் மணி நேரம் நல்ல கால் மணி நேரம், அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

ஏமாற்றுகிறோமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வழக்கம் இது: அவர் "உயிரா?" என்று கேட்டால் "இயந்திரம் பாட்டி" என்று உண்மையைச் சொல்வோம். கேட்காதவரிடம் பாடம் நடத்தமாட்டோம். அழுகிறவர் மடியில் குட்டியைப் போட்டுவிட்டு நாங்கள் வேறு வேலை பார்க்கப் போவதை மட்டும் செய்யவே கூடாது என்று எங்கள் யூனிட்டில் வைத்திருக்கிறோம்.

பேசும் வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. நியூயார்க் மாநிலத்தின் முதியோர் நல அலுவலகம் 2022-இலிருந்து எலிக்யூ என்ற மேசை மேல் வைக்கும் கருவியைத் தனியாக வாழும் 800-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தது, தானாகவே "தண்ணீர் குடித்தீர்களா" என்று பேச்சைத் தொடங்குவது அதன் சிறப்பு. தென் கொரியாவில் ஹ்யோதோல் என்று பேரக்குழந்தை மாதிரி ஒரு பொம்மை, உள்ளாட்சி அமைப்புகள் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கின்றன, மருந்து நேரம் சொல்லும், நீண்ட நேரம் அசைவே இல்லை என்றால் தகவல் அனுப்பும். இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் ஒன்று ஆங்கிலத்தில் பேசுகிறது, ஒன்று கொரிய மொழியில். தஞ்சாவூர் அம்மா பேசும் தமிழில், பல் இல்லாத உச்சரிப்பில், மிக்சி சத்தத்துக்கு நடுவில் புரிந்துகொள்ளும் ஒன்று வரும்போது பார்க்கலாம்.

ரோபோ வந்தால் எங்கள் வேலை போய்விடுமா என்று ஊரில் என் அப்பா கேட்பார். ஸ்டான்ஃபோர்டு, டோக்கியோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் சேர்ந்து ஜப்பானில் 860 இல்லங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். ரோபோ வாங்கிய இல்லங்களில் ஊழியர் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது, அதுவும் நிரந்தரமில்லாத ஊழியர்கள்தான் கூடியிருந்தார்கள். ஆட்களைத் தக்கவைத்துக்கொள்வது அவர்களுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்தது. நான் பார்ப்பதும் அதுவே, முதுகு தப்பினால் வேலையை விடாமல் இருக்கிறோம்.

இப்போது உங்கள் அம்மா. தமிழ்நாட்டில் 2021 கணிப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6%, கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம், ஆகவே இந்தக் கவலை உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள். இங்கே மெத்தை சென்சார் உதவுவதற்குக் காரணம், மணி அடித்தால் முப்பது அடி தூரத்தில் நான் இருக்கிறேன். தஞ்சாவூரில் அம்மா விழுந்தால் அந்த மணி உங்கள் போனில், வேறொரு நாட்டில், ஒருவேளை நீங்கள் தூங்கும் நேரத்தில் அடிக்கும். அதனால் கருவி வாங்கும் முன், பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் வரக்கூடிய மூன்று பேரைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, தெருமுனை மருந்துக்கடைக்காரர், அம்மாவின் தங்கை மகன், யாராக இருந்தாலும் சரி. ஒருவரிடமாவது வாசல் சாவி இருக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டாக மாற்றுங்கள், சாவி இருந்தும் கதவை உடைக்க நேர்ந்த வீடுகள் உண்டு.

அதற்குப் பிறகு விழுந்தால் அறிவிக்கும் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுங்கள், ஆப்பிள் வாட்சில் 2018-இலிருந்து அந்த வசதி இருக்கிறது, மற்றவற்றிலும் வந்துவிட்டது. ஆனால் நம் அம்மாக்கள் குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள், பலர் வழுக்குவதோ அங்கேதான். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, உயரமான கழிப்பறை இருக்கை, கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு, இந்த நான்கும் முதலில், வீட்டுக்கு உள்ளூர்க் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒரு நாளில் செய்துவிடுவார்கள். கேமரா வைப்பதென்றால் அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்றால் கூடத்தில் மட்டும். படுக்கையறையில் வேண்டாம்.

நாளைக்கு ஆள் வைக்க வேண்டி வந்தால், வருகிற பெண்ணுக்கு ஒரு ஸ்லைடு ஷீட் வாங்கிக் கொடுத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வைத்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள், அன்றைக்கு மாற்று ஆளுக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். முதுகு போன பெண் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார், அம்மா மறுபடி ஒரு புது முகத்தோடு பழக வேண்டியிருக்கும், மறதி தொடங்கியிருந்தால் அது அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

இன்று இரவு அம்மாவோடு பேசும்போது வீடியோவைப் போடச் சொல்லி, கட்டிலிலிருந்து கழிவறை வரை போனைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டச் சொல்லுங்கள். எங்கே சுவரைப் பிடிக்கிறார், எந்த வாசற்படியில் கால் தயங்குகிறது, மிதியடி எங்கே சுருண்டு கிடக்கிறது என்று பாருங்கள். அதை எனக்கு எழுதினால், எந்த இடத்தில் கைப்பிடி வைப்பது, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று சொல்கிறேன்.